ஆக்டோபஸ் மழைக்கோட்டு

உனைசியின் அப்பாவுக்குப் பரிசு கொடுப்பதும் ஓட்டை வாளியில் தண்ணீர் பிடிப்பதும் ஒன்றுதான். ஊற்ற ஊற்றப் போய்க்கொண்டே இருக்கும்.

போன கிறிஸ்துமஸுக்கு அம்மா ஒரு டார்ச் விளக்கு வாங்கிக் கொடுத்தார். கடலில் விழுந்தாலும் எரியும் என்று கடைக்காரர் அடித்துச் சொல்லியிருந்தார். அது கடலில் விழவில்லை. பக்கத்து வீட்டுக்குப் போய்விட்டது. இப்போது அதன் வெளிச்சத்தில் வசிதி அத்தை நண்டு பிடிக்கிறார்.

பிறந்த நாளுக்கு ஒரு பூப்போட்ட சட்டை. அப்பா காலையில் அதைப் போட்டுக்கொண்டு கிளம்பினார். மாலையில் வெறும் பனியனோடு திரும்பி வந்தார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அந்தச் சட்டை விலியாமே மாமாவின் உடம்பில் ஏறி, தேவாலயத்தில் முதல் வரிசையில் நின்று பாட்டுப் பாடியது.

செருப்பு வாங்கிக் கொடுத்தபோது நடந்ததுதான் வேடிக்கை. எதிரே வந்தவர் கேட்கக்கூட இல்லை. “நல்ல செருப்பு” என்று ஒரு வார்த்தை சொன்னார், அவ்வளவுதான். அப்பா அங்கேயே கழற்றிக் கொடுத்துவிட்டு, சுடுமணலில் குதித்துக் குதித்து வீடு வந்து சேர்ந்தார்.

அம்மா தலையில் அடித்துக்கொண்டார். “உங்கப்பாகிட்ட மிச்சம் இருக்கறது அவரோட மூக்கு ஒண்ணுதான். அதையும் ஏன் விட்டு வெச்சிருக்காங்க தெரியுமா? கழட்ட வராது!”

ஃபிஜியில் ஒருவர் வந்து, லேசாகக் குனிந்து, “கெரெகெரே” என்று சொல்லிவிட்டால் கதை முடிந்தது. ‘தயவுசெய்து’ என்றுதான் அர்த்தம். ஆனால் சொந்தக்காரரோ பக்கத்து வீட்டுக்காரரோ வாய்விட்டுக் கேட்ட பிறகு, கையில் இருப்பதை இல்லை என்று சொல்வது பெரிய வெட்கக்கேடு. இன்றைக்கு அவர் கேட்பார், நாளைக்கு நாம் கேட்போம். கோடரி, பானை, பன்றிக்குட்டி எல்லாம் இப்படியே ஊரைச் சுற்றி வரும். யாருக்கும் நஷ்டமில்லை.

உனைசியின் அப்பா செமிசிக்கு மட்டும்தான் நஷ்டம். அவருக்குக் கொடுக்கத்தான் தெரியும். கேட்க வாய் வராது.

“நீங்களும் போய் ஏதாவது கேளுங்களேன்!” என்பார் அம்மா.

“பாவம், அவங்களுக்குத் தேவையா இருக்கும் லிதியா” என்பார் அப்பா.

இதெல்லாம் சிரிக்கிற விஷயமாகத்தான் இருந்தது. அப்பாவுக்கு இருமல் வந்த பிறகு யாருக்கும் சிரிப்பு வரவில்லை.

அப்பா படகோட்டி. சேவல் கண்ணைத் திறப்பதற்கு முன்பே எழுந்துவிடுவார். முதலில் சந்தைக்குப் போகும் பெண்கள், பிறகு பள்ளிப் பிள்ளைகள் என்று எல்லோரையும் அக்கரையில் கொண்டுபோய் விட வேண்டும். மழை பெய்தால் பிள்ளைகளுக்குத் தார்ப்பாய் இருக்கிறது. பின்னால் எஞ்சினைப் பிடித்துக்கொண்டு நிற்கிற அப்பாவுக்கு எதுவும் இல்லை. அவருடைய பழைய மழைக்கோட்டு யாரிடம் போனது என்று அவருக்கே ஞாபகமில்லை. தொப்பலாக நனைந்துகொண்டு, “லொக்கு லொக்கு” என்று இருமிக்கொண்டு ஓட்டுவார்.

ஊர் மருந்தகத்து நர்ஸ் அவருடைய முதுகில் குழாயை வைத்துக் கேட்டார். பிறகு மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

“இந்த நெஞ்சோட காலையில நனையவே கூடாது. இன்னொரு தடவ இப்படி வந்து நின்னீங்கன்னா, படகுப் பக்கமே போக விட மாட்டேன். சொல்லிட்டேன்!”

படகு நின்றால் பிள்ளைகள் அக்கரை விடுதியில்தான் தங்க வேண்டும். வெள்ளிக்கிழமைதான் வீடு. உனைசிக்கு அது பிடிக்கவில்லை. அதைவிட, அப்பா இருமும்போது அவருடைய பெரிய முதுகு குலுங்குவதைப் பார்த்தால் அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

அப்பாக்கள் ஞாயிறு நெருங்கிக்கொண்டிருந்தது. அன்றைக்குத் தேவாலயத்தில் பிள்ளைகள் எல்லாம் அப்பாக்களுக்கு மாலை போடுவார்கள். வீட்டில் பரிசு கொடுப்பார்கள்.

“அப்பா, உங்களுக்கு என்ன வேணும்? உண்மையச் சொல்லுங்க” என்று உனைசி கேட்டாள்.

“எனக்கென்ன குறை? நீங்க ரெண்டு பேர் இருக்கீங்க, படகு இருக்கு.” அப்பா கொட்டாவி விட்டார். “வேணும்னா ஒண்ணு சொல்றேன். ஒரு நாள், ஒரே ஒரு நாள், வெயில் மூஞ்சியில அடிக்கிற வரைக்கும் தூங்கணும்.”

“அது எந்தக் கடையிலயும் விக்காதே” என்றார் அம்மா.

“அதான், ஒண்ணும் வேண்டாம்ங்கறேன்.”

இப்படிப்பட்ட மனிதருக்கு என்னதான் வாங்குவது? உனைசி யோசித்தாள். மழைக்கோட்டுதான் வேண்டும், அதில் சந்தேகமே இல்லை. வாங்குவதுகூடப் பெரிய விஷயமில்லை. அது அப்பாவிடம் தங்க வேண்டுமே, அதுதான் பெரிய விஷயம்.

பள்ளி விட்டதும் தினமும் தென்னங்கீற்றைக் கிழித்துக் கிழித்து ஈர்க்குமாறு கட்டினாள். விரலெல்லாம் கீறல். அம்மா அவற்றைச் சந்தையில் விற்று, டவுனிலிருந்து ஒரு மழைக்கோட்டு வாங்கி வந்தார். மஞ்சள் நிறம், தலைக்கு முக்காடு, முழங்கால்வரை நீளம். மீன்பிடிக் கப்பலில் வேலை செய்பவர்கள் போடுகிற மாதிரி கெட்டியான கோட்டு.

உனைசிக்கு அதைப் பார்த்ததும் சந்தோஷம். அடுத்த நொடியே பயம்.

“அம்மா, இது ரொம்ப நல்லா இருக்கு!”

“நல்லா இருந்தா சந்தோஷப்படு. ஏன் மூஞ்சியத் தொங்கப் போடுற?”

“நல்லா இருந்தா எல்லாரும் கேப்பாங்களேம்மா!”

அம்மா கோட்டைச் சட்டென்று மடித்துப் பைக்குள் வைத்தார்.

அப்போதுதான் உனைசிக்கு ஒரு யோசனை தோன்றியது. அசிங்கமான பொருளை யார் கேட்பார்கள்? கோட்டை அசிங்கமாக்கிவிட்டால் போதும்!

படகுக்கு அடித்த சிவப்புப் பெயிண்ட் ஒரு டப்பாவில் மிச்சம் இருந்தது. அப்பா இல்லாத நேரம் பார்த்து, கோட்டின் முதுகில் பெரிதாக ஒரு ஆக்டோபஸ் வரைந்தாள். உனைசிக்குப் படம் வரையவே வராது. அது இந்த இடத்தில் நல்லதாகப் போயிற்று. ஒரு கால் முழங்கையை நோக்கி ஓடியது. இரண்டு கால்கள் முடிச்சுப் போட்டுக்கொண்டன. ஒரு கண் ஆரஞ்சுப் பழம் அளவு, இன்னொரு கண் மிளகு அளவு.

“ஐயோ, கண்றாவி!” என்று உனைசி ஆனந்தமாகக் கைதட்டினாள்.

பெயிண்ட் காய்வதற்காக, வீட்டுக்குப் பின்னால் கொடியில் மாட்டிவிட்டு உள்ளே போனாள். திரும்பி வந்து பார்த்தால் கொடியருகே வசிதி அத்தை நின்றுகொண்டிருந்தார்.

“உனைசி! யாருதுடி இந்தக் கோட்டு? முதுகுல சூரியன் உதிக்குதே, என்ன அழகு!”

“அது ஆக்டோபஸ் அத்தை.”

“எதுவா இருந்தா என்ன? கண்ணப் பறிக்குது!”

அத்தை போன பிறகு பாடகர் குழுத் தலைவர் வந்தார். அவர் அதைச் சேப்பங்கிழங்கு என்று நினைத்தார். ஆனால், இதுவரை தான் பார்த்த சேப்பங்கிழங்குகளிலேயே இதுதான் அழகு என்றார். பிறகு வந்த பிள்ளைகள் வாயைப் பிளந்துகொண்டு நின்றார்கள். கடைசியாக வந்தவர் விலியாமே மாமா.

விலியாமே மாமா அப்பாவின் அத்தை மகன். அப்பாவும் அவரும் மச்சான், மச்சான் என்று ஒருவரை ஒருவர் கேலி செய்யாத நாளே கிடையாது. கெரெகெரே கேட்பதில் அந்தக் கரையிலேயே அவருக்கு நிகர் அவர்தான். அவர் வீட்டில் இருக்கும் பொருட்களில் பாதி அப்பாவுடையது. ஒரு காலத்தில் அவரும் நல்ல படகோட்டிதான். “இப்ப ஏன் ஓட்டறதில்ல?” என்று கேட்டால் கையை விரிப்பார்.

“மச்சான், கடவுள் உனக்குப் படகக் குடுத்தாரு. எனக்குத் தூக்கத்தக் குடுத்தாரு. அவங்கவங்க வேலைய அவங்கவங்க பாக்குறோம்!”

மாமா கோட்டைச் சுற்றிச் சுற்றி வந்தார். தொட்டுப் பார்த்தார். முகர்ந்தும் பார்த்தார்.

“செமிசிக்கா இது? அப்பாக்கள் ஞாயிறுக்கா?”

உனைசி வேறு வழியில்லாமல் தலையாட்டினாள்.

“அப்படியா!” என்றார் மாமா. ஞாயிற்றுக்கிழமை மத்தியானச் சாப்பாட்டுக்குக் கட்டாயம் வந்துவிடுவதாகவும் சொல்லிவிட்டு, சீட்டியடித்துக்கொண்டே போனார்.

கோட்டு இன்னும் அப்பா கைக்கே போகவில்லை, அதற்குள் கேட்பதற்கு ஆள் தயார்!

மறுநாள் காலை படகிலும் அவளுக்கு அதே யோசனைதான். தூறல் போட்டுக்கொண்டிருந்தது. அப்பா இருமினார். முன்னால் உட்கார்ந்திருந்த வசிதி அத்தை, பலகைக்கு அடியில் அடுக்கியிருந்த மிதவைச் சட்டைகளைப் பார்த்தார். ஆரஞ்சு நிறச் சட்டைகள், புதுசு போலப் பளபளவென்று இருந்தன.

“செமிசி, கெரெகெரே. அதுல ஒண்ணு குடேன். என் பையன் மீன் பிடிக்கப் போறப்ப போட்டுப்பான்.”

“அது பள்ளிக்கூடத்தோடதாச்சே அக்கா. என்னோடதா இருந்தா குடுத்திருக்க மாட்டேனா? வேணும்னா தலைமை ஆசிரியர்கிட்டக் கேளுங்க.”

“அவர்கிட்டயா? நானா? போப்பா!” என்று வசிதி அத்தை திரும்பி உட்கார்ந்துகொண்டார்.

உனைசி நிமிர்ந்தாள். அந்த மிதவைச் சட்டைகள் அவள் முதல் வகுப்பு படிக்கும்போதே படகில் இருந்தன. இன்றைக்கும் இருக்கின்றன! டார்ச் போயிற்று, செருப்பு போயிற்று, பூப்போட்ட சட்டை போயிற்று. இவை மட்டும் போகவில்லை. ஏன்?

ஏனென்றால் இவை அப்பாவுடையவை இல்லை. தன்னுடையதைத்தான் அப்பா தூக்கிக் கொடுப்பார். அடுத்தவருடையதைத் தொடக்கூட மாட்டார்.

அப்படியென்றால் கோட்டைப் பரிசாகக் கொடுக்காமல் இரவல் கொடுத்தால்? சீச்சீ! அப்பாக்கள் ஞாயிறன்று, மாலை போட்ட கையோடு, “இந்தாங்கப்பா, இரவல்” என்று நீட்டினால் நன்றாகவா இருக்கும்? பரிசாகவும் இருக்க வேண்டும், அப்பாவுடையதாகவும் இருக்கக் கூடாது.

படகு அக்கரை சேரும்வரை உனைசி நகத்தைக் கடித்துக்கொண்டே இருந்தாள். இறங்கும்போது அவள் முகத்தில் ஒரு திருட்டுச் சிரிப்பு இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. தேவாலயத்து மரமுரசு டும் டும் என்று ஊரைக் கூப்பிட்டது. உனைசி தானே கட்டிய மாலையை அப்பாவுக்குப் போட்டாள். அப்பா கண்ணைத் துடைத்துக்கொண்டார், பிறகு இருமினார்.

வீட்டுக்குப் பின்னால் குழிதோண்டி மண்ணால் மூடியிருந்த அடுப்பைத் திறந்ததும் கிழங்கும் மீனும் கோழியும் கமகமவென்று மணத்தன. விலியாமே மாமாவைக் கூப்பிட வேண்டிய வேலையே இல்லை. அந்த வாசனையே அவரைக் கையைப் பிடித்து அழைத்து வந்துவிட்டது. வசிதி அத்தையும் வந்திருந்தார். எல்லோரும் பாயில் உட்கார்ந்தார்கள். மாமா மட்டும் பார்த்துப் பார்த்து அப்பாவின் பக்கத்திலேயே உட்கார்ந்தார்.

உனைசி பொட்டலத்தை நீட்டினாள்.

அப்பா மெதுவாகப் பிரித்தார். மஞ்சள் கோட்டை எடுத்து விரித்தார். முதுகுப் பக்கம் திருப்பினார்.

“ஆக்டோபஸ்!” என்றார்.

அது என்ன என்று கேட்காமலே கண்டுபிடித்த முதல் ஆள் அவர்தான்.

“நீயே வரைஞ்சியா? ஒரு கண்ணு சின்னதா இருக்கே, கண்ணடிக்குதா?”

“ஆமாப்பா” என்றாள் உனைசி. உண்மையில் அது கண்ணடிக்கவில்லை. ஆனால் இனிமேல் கண்ணடிக்கட்டும் என்று முடிவு செய்துகொண்டாள்.

அப்பா கோட்டைப் போட்டுப் பார்த்தார். முக்காட்டையும் இழுத்துவிட்டார். கச்சிதமாக இருந்தது. எல்லோரும் ஆகா ஓகோ என்றார்கள். விலியாமே மாமா கோழிக்காலைக் கீழே வைத்தார். கையைத் துடைத்தார். தொண்டையைச் செருமினார்.

“மச்சான், கெரெ...”

“அப்பா! கெரெகெரே!” என்று கத்தினாள் உனைசி. “அந்தக் கோட்ட எனக்குக் குடுங்கப்பா!”

பரிசு கொடுத்த சூடு ஆறுவதற்குள் அதைத் திருப்பிக் கேட்கிற பிள்ளையை அந்த ஊர் பார்த்ததே இல்லை. அம்மாவின் கையிலிருந்த மரவள்ளிக்கிழங்கு பாதி வழியில் நின்றது. வசிதி அத்தை “அடிப் பாவி!” என்று வாயில் கை வைத்துக்கொண்டார்.

அப்பா மகளைப் பார்த்தார். கோட்டைப் பார்த்தார். பாவம், அவருக்குப் புரியவில்லை. ஆனால் கேட்டவருக்கு இல்லை என்று சொல்லி அவருக்குப் பழக்கமே கிடையாது. அதனால் மெதுவாகக் கழற்றி, மடித்து, இரண்டு கையாலும் நீட்டினார்.

“இந்தாம்மா. உனக்கு இல்லாததா?”

உனைசி வாங்கிக்கொண்டாள். மரியாதைக்கு மூன்று முறை கையைத் தட்டினாள்.

“ரொம்ப நன்றிப்பா. இப்ப இது என்னோடது. எல்லாரும் பாத்துக்கிட்டீங்கல்ல? நாளைக் காலையில இருந்து இத உங்களுக்கு இரவல் தரேன். படகுல போட்டுக்கணும். திரும்பி வந்ததும் என் ஆணியில மாட்டிடணும். அடுத்தவங்க பொருளு, பத்திரமா வெச்சுக்கணும்!”

அம்மாதான் முதலில் சிரித்தார். சிரித்த சிரிப்பில் கிழங்கு புரையேறி, வசிதி அத்தை அவர் முதுகில் தட்ட வேண்டியதாயிற்று. அப்பாவும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். இருமலும் சிரிப்பும் மாறி மாறி வந்தன.

விலியாமே மாமா மட்டும் சிரிக்கவில்லை. கோழிக்காலை எடுத்து யோசனையோடு கடித்தார்.

திங்கட்கிழமை கொட்டோ கொட்டென்று கொட்டியது. அப்பா எஞ்சின் பக்கத்தில் மஞ்சள் கோட்டோடு மலை போல நின்றார். ஒரு சொட்டுத் தண்ணீர் உள்ளே போகவில்லை. வழியில் கேட்டவர்களுக்கெல்லாம் ஒரே பதில்தான் சொன்னார்.

“ஐயோ, அது என் மகளோடது. அவகிட்டக் கேளுங்க.”

பெரிய மனிதர்கள் ஒரு சின்னப் பெண்ணிடம் போய்க் குனிந்து நிற்பார்களா? வெட்கப்பட்டுப் போய்விட்டார்கள். உனைசி ஆணியில் தொங்குகிற கோட்டைப் பார்த்துப் பார்த்துப் பூரித்தாள்.

ஆனால் ஊரில் ஒருவருக்கு வெட்கம் என்பதே கிடையாது என்பதை அவள் மறந்துவிட்டாள்.

புதன்கிழமை மாலை, ஒரு வாழைத்தாரைத் தோளில் சுமந்துகொண்டு விலியாமே மாமா வந்தார். வாசலில் தாரை இறக்கினார். ஊர்வலம் பார்ப்பது போல நாலைந்து பேர் பின்னாலேயே வந்திருந்தார்கள். மாமா உனைசிக்கு முன்னால் அவ்வளவு உயரத்தையும் மடக்கிக்கொண்டு உட்கார்ந்தார்.

“உனைசி மகாராணி! கெரெகெரே. அந்தக் கோட்டு!”

“மாமா, அது...”

“மழையில தோட்டத்துக்குப் போறேன் தாயி. தலையில வாழையிலயப் புடிச்சிக்கிட்டுப் போறேன். காத்து அடிச்சா வாழையில ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். பாக்கவே பரிதாபமா இருக்கும்.”

உனைசி ‘முடியாது’ என்று சொல்ல வாயைத் திறந்தாள். அந்தச் சொல் வரவில்லை. மீன் முள் மாதிரி தொண்டையிலேயே நின்றது. முகத்துக்கு நேரே ஒருவர் கெஞ்சும்போது இல்லை என்று சொல்வது இவ்வளவு கஷ்டமா? இத்தனை நாளாக அப்பா என்ன பாடுபட்டிருப்பார் என்று இப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது.

திரும்பி அப்பாவைப் பார்த்தாள். அப்பா கையைக் கட்டிக்கொண்டு, ‘இப்ப என்ன பண்ணப் போற?’ என்பது போலப் புருவத்தைத் தூக்கினார். ஒரு இருமல் இருமினார்.

அந்த இருமலைக் கேட்டதும் உனைசிக்கு மூளை வேலை செய்தது.

“தரேன் மாமா” என்றாள்.

அம்மா “ஐயோ!” என்றார்.

“ஆனா ஒண்ணு. அது படகுக்காக வாங்கின கோட்டு. மழை பெய்யுற காலையில அது படகுல எஞ்சின் பக்கத்துல நிக்கணும். தோட்டத்துக்கு அதுக்கப்புறம் போங்க. உள்ள அப்பா இருந்தாலும் சரி, நீங்க இருந்தாலும் சரி, எனக்கு ஒரே மாதிரிதான்.”

மாமாவின் சிரிப்பு பாதியில் நின்றது. “காலையில... எத்தன மணிக்கு?”

“சேவல் எழுந்திரிக்கறதுக்கு முன்னாடி” என்றார் அப்பா. அவர் குரலில் சந்தோஷம் வழிந்தது. “வாங்கிக்க மச்சான். கேட்ட பொருளக் குடுத்தாச்சு.”

“சேவலுக்கு முன்னாடியா? அப்ப வேண்டாம் தாயி, நீயே வெச்சுக்க.”

“கேட்டு வாங்கினதத் திருப்பிக் குடுத்தா மரியாதையா இருக்காதே மாமா!”

“உங்கப்பாவுக்குக் குடுத்தத நீ மட்டும் திருப்பி வாங்கிக்கிட்ட?”

“நான் வாங்கலயே. கெரெகெரே கேட்டேன்!”

பின்னால் நின்றவர்கள் ஹோவென்று சிரித்தார்கள். நாலு பேர் முன்னால் கேட்டாயிற்று, இனிமேல் தப்பிக்க வழியில்லை. மாமா தான் கொண்டுவந்த வாழைத்தாரை ஏக்கத்தோடு பார்த்தார். கோட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போனார்.

வியாழக்கிழமை விடிகாலையில் தகரக் கூரை மேல் மழை தடதடவென்று இறங்கியது. அப்பா வழக்கம் போலப் போர்வையை விலக்கினார். அப்போது கரையிலிருந்து ஒரு குரல் கேட்டது.

“ஏ செமிசி! எழுந்திரிச்சே, கொன்னுடுவேன்! நான்தான் எழுந்துட்டேனே, நீ வேற எதுக்கு!”

அப்பா போர்வையைத் திரும்பவும் இழுத்துக்கொண்டார்.

விலியாமே மாமா படகு ஓட்டிய அழகைப் பள்ளிப் பிள்ளைகள் இன்றைக்கும் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறார்கள். பாதித் தூரம் கண்ணை மூடிக்கொண்டு புலம்பினார். மீதித் தூரம் தேவாலயப் பாட்டை உரக்கப் பாடினார். ஆனாலும் கை மறக்கவில்லை. அலையை வெட்டிக்கொண்டு படகு நேராகப் போய்த் துறையில் நின்றது. முதுகில் ஆக்டோபஸ் கண்ணடித்துக்கொண்டே இருந்தது.

பள்ளி விட்டு உனைசி திரும்பியபோது அம்மா வீட்டு வாசலிலேயே காத்திருந்தார்.

“உங்கப்பா மத்தியானம்தான் எழுந்தாரு! நான் ரெண்டு தடவ மூச்சு வருதான்னு பாத்தேன். காலையில இருந்து ஒரு இருமல் இல்ல!”

பின்னாலேயே அப்பா வந்தார். கன்னத்தில் பாயின் கோடுகள் அச்சு அச்சாகப் பதிந்திருந்தன. முகம் குழந்தை முகம் போல ஆகியிருந்தது. உனைசியை அப்படியே தூக்கித் தோளில் வைத்துக்கொண்டார்.

“என்னம்மா பரிசு குடுத்த நீ! என் ஆயுசுல இப்படி ஒரு பரிசு வாங்கினதில்ல.”

“கோட்டுதான் உங்ககிட்ட இல்லையேப்பா. மாமா போட்டிருக்காரு.”

“கோட்ட யாரு கேட்டா? நான் தூக்கத்தச் சொல்றேன்!”

அதற்குள் விலியாமே மாமா படகைக் கட்டிவிட்டு வந்து சேர்ந்தார். கண் இரண்டும் சொருகிக்கொண்டு இருந்தன. மஞ்சள் கோட்டிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்ட, அப்பாவின் முன்னால் குனிந்தார்.

“மச்சான், கெரெகெரே. நாளைக்கு அந்தத் தூக்கத்த எனக்குக் குடுத்துடு.”

அப்பா யாரிடமும் இல்லை என்று சொன்னதே இல்லையே!

அப்பா கன்னத்தைச் சொறிந்தார். கொஞ்சம் யோசித்தார். பிறகு முகமெல்லாம் சிரிப்பாக மச்சானின் ஈரத் தோளில் தட்டிக்கொடுத்தார்.

“என்னோடதா இருந்தா குடுத்திருக்க மாட்டேனா மச்சான்? அந்தத் தூக்கம் என் மகளோடது. எனக்கு இரவல் குடுத்திருக்கா. நீ அவகிட்டக் கேளு.”

விலியாமே மாமா உனைசியைத் தேடித் திரும்பினார். அவள் எப்போதோ அப்பாவின் தோளிலிருந்து இறங்கி, வாசலில் இருந்த வாழைத்தாரிலிருந்து இரண்டு பழங்களைப் பிய்த்துக்கொண்டு, கரையோரமாகச் சிட்டாய்ப் பறந்திருந்தாள்.